உங்களுக்குத் தெரியுமா? பிள்ளையை முதலில் ஏந்தும் கை

★ திருச்சி மலைக்கோட்டைச் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்ததே பிரசவம் பார்த்ததால்தான். ரத்னாவதிக்குப் பேறுகாலம். துணைக்கு வர வேண்டிய அம்மாவைக் காவிரி வெள்ளம் அக்கரையில் நிறுத்திவிட்டது. அந்த அம்மாவின் உருவில் சிவனே வந்து பேறு பார்த்தார் என்கிறது தல வரலாறு. வெள்ளம் வடிந்து, நிஜ அம்மா மூட்டையோடு வாசலில் வந்து நின்றபோதுதான் குட்டு உடைந்ததாம். நர்சிங் படிக்கக் கூச்சப்படும் பையன்கள் இந்தக் கதையைக் கைவசம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் துணைச் செவிலியர்-மருத்துவச்சிக்கான ஏ.என்.எம். படிப்பு இன்றைக்கும் பெண்களுக்கு மட்டுமே.

★ நர்ஸ்களின் பெயருக்குப் பின்னால் ஆர்.என்.ஆர்.எம். என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு எழுத்து பதிவு பெற்ற செவிலியர் என்பதற்கு. அடுத்த இரண்டு, பதிவு பெற்ற மருத்துவச்சி என்பதற்கு. எலும்பு முறிவு வார்டில் உங்களுக்கு ஊசி போடும் சிஸ்டரும், படிக்கிற காலத்தில் லேபர் வார்டில் கால் கடுக்க நின்று, பிரசவம் பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியவர்தான்.

★ சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்ப்பவள் செவிலித்தாய். அவள் பெற்ற மகள்தான் தலைவிக்குத் தோழி. இன்றைய 'செவிலியர்' அந்தச் சொல்லிலிருந்து வந்தது.

★ 'மருத்துவன்' என்பதற்குப் பெண்பால் 'மருத்துவச்சி'. பேறு பார்க்கும் பெண்ணுக்கு என்று தனியாக ஒரு சின்னப் பட்டம் தேடாமல், வைத்தியருக்கு உரிய பெயரையே மொழி தூக்கிக் கொடுத்திருக்கிறது. ஊர் அவ்வளவு தாராளமாக இல்லை. கிராமங்களில் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்களே மருத்துவச்சிகள். நடுச்சாமத்தில் லாந்தரோடு போய்க் கையோடு அழைத்து வருவார்கள். பிள்ளை பிறந்து, தீட்டுத் துணியெல்லாம் அலசி முடித்த பிறகு, கொல்லைப்புறமாகவே அனுப்பிவிடுவார்கள். ரத்தமும் நஞ்சுக்கொடியும் தொட்ட கை என்ற இளக்காரம், பிறகு வந்த நர்ஸ் வேலையின் மேலும் வெகுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. "பொண்ணு நர்ஸா?" என்று முகம் சுளித்த மாப்பிள்ளை வீட்டார் கதை நம்மில் பலருடைய வீட்டிலும் இருக்கும்.

★ 1847, வியன்னா பொது மருத்துவமனை. பிரசவத்துக்கு அங்கே இரண்டு பிரிவுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பேறு பார்த்தார்கள், மற்றதில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்கள். மாணவர்கள் பிரிவில் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அந்தப் பிரிவில் சேர்த்துவிடாதீர்கள் என்று கர்ப்பிணிகள் காலில் விழுந்து கெஞ்சினார்களாம். காரணத்தைக் கண்டுபிடித்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ். மாணவர்கள் பிணவறையில் சவத்தை அறுத்த கையோடு நேரே பிரசவ அறைக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலையே இல்லை. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். அந்த ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டாக இறங்கியது. டாக்டர்கள் அவரை நம்பவில்லை என்பது தனிக்கதை.

★ ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கும் ஒரு தோல்வி உண்டு. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர அவர் ஏற்பாடு செய்த வார்டு, பிரசவக் காய்ச்சல் சாவுகளால் 1867இல் மூடப்பட்டது. அம்மையார் அதை மூடி மறைக்கவில்லை. கணக்குகளைத் திரட்டி 1871இல் புத்தகமாகவே போட்டார். அந்தக் காலத்து ஆஸ்பத்திரியைவிட வீட்டில் பெற்றவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று அதில் காட்டினார். தன் வார்டு தோற்ற கணக்கைத் தானே அச்சிட்டவருக்கு, கையில் விளக்கு ஏந்திய படம் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றும்.

★ வெளியூர்க்காரர்கள் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று தேடுவார்கள். திருவல்லிக்கேணிக்காரர்களைக் கேட்டால் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று கைகாட்டுவார்கள். 1885இல் அதைத் தொடங்கிய மேரி ஷார்லிப் முதலில் கற்றது மருத்துவச்சிப் பாடம். வக்கீல் கணவரோடு சென்னைக்கு வந்தவர், 1844இல் தொடங்கிய சென்னைப் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தார். இன்று நாம் எழும்பூர் தாய்சேய் ஆஸ்பத்திரி என்று சொல்வது அதைத்தான். அது போதாது என்று தோன்றவே 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த ஆண்டு சேர்ந்த பெண்கள் நான்கே பேர்.

★ ஐடா ஸ்கடர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து, பேறுகாலத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவக் கூப்பிட்டார்கள். டாக்டரான அவர் அப்பாவை ஆண் என்பதால் வேண்டாம் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பிறகு ஐடா மருத்துவம் படித்து வேலூர் வந்தார். பலரும் கவனிக்காத செய்தி இது: வேலூரில் அவர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918இல். நர்சிங் பள்ளி அதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1909இல் வந்துவிட்டது. 1946இல் நாட்டிலேயே முதன்முதலாக நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய இரண்டு இடங்களில் வேலூர் ஒன்று, டெல்லி இன்னொன்று.

★ பொய்வலியா, மெய்வலியா? சூட்டு வலி என்று சோம்புத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பது வீட்டு வழக்கம். லேபர் வார்டு சிஸ்டருக்கு உள்ளங்கைதான் கருவி. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் கருப்பை எத்தனை முறை கல்லாக இறுகுகிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுவார். வலி சீராக நெருங்கி நெருங்கி வந்து, கருப்பை வாயும் திறந்துகொண்டே போனால் மெய்வலி. அம்மா கத்துகிற கத்தலை வைத்து முடிவெடுக்கவே மாட்டார்கள். கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவள்தான் சட்டென்று பெற்றுவிடுவாள் என்பது நைட் டியூட்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

★ வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்கலாம். வலி வலுத்த பிறகு அரை மணிக்கொரு தடவையாவது அதைக் கேட்க வேண்டும். தலை இறங்கி அம்மா முக்கத் தொடங்கினால் ஐந்து நிமிடத்துக்கொரு தடவை. பிரான்ஸ் நாட்டு அடால்ஃப் பினார் 1895இல் இதற்காக வடிவமைத்த சின்ன ஊதுகுழல் இன்னும் உலகெங்கும் புழங்குகிறது. கரண்ட் போனாலும் அது வேலை செய்யும்.

★ பிள்ளை பிறந்த முதல் நிமிடம் முழுக்க சிஸ்டருடையது. துடைக்க வேண்டும், அம்மா வயிற்றின் மேல் போட வேண்டும், அழுகிறதா என்று பார்க்க வேண்டும். அழாவிட்டால் முதுகைத் தேய்த்துவிட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். எல்லாம் அறுபது விநாடிக்குள். இதைப் 'பொன் நிமிடம்' என்பார்கள். இதற்கிடையில் அம்மாவுக்குத் தொடையில் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட், அதுவும் அதே ஒரு நிமிடத்துக்குள்! குழந்தை நன்றாக அழுதுவிட்டால் மட்டும் ஒரு சலுகை: தொப்புள்கொடியை அறுக்க அவசரம் வேண்டாம். ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுத்தால், கொடியில் தங்கிய ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேரும்.

★ அந்த ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். லேபர் வார்டு ஃப்ரிட்ஜில் டிபன் பாக்ஸ் வைத்தால் சீனியர் சிஸ்டர் திட்டுவது இதனால்தான்.

★ அப்கார் மதிப்பெண் வாங்காத ஆஸ்பத்திரிக் குழந்தை இன்று அபூர்வம். பிறந்த 1ஆம் நிமிடமும் 5ஆம் நிமிடமும் நிறம், துடிப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தசை விறைப்பு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் தலா 2 வீதம் பத்துக்கு மார்க். வகுத்தவர் வர்ஜீனியா அப்கார், அமெரிக்காவில் மயக்க மருந்து டாக்டர். 1953இல் அச்சில் வந்தது. பத்துக்குப் பத்து அநேகமாக யாரும் வாங்குவதில்லை. பிறந்த கையோடு குழந்தைக்கு உள்ளங்கை உள்ளங்கால் நீலம் பாரித்திருப்பது சகஜம். அங்கே ஒரு மார்க் போய்விடும்.

★ மஞ்சள் காமாலைக்குக் குழந்தையை நீல விளக்கின் கீழ் படுக்க வைக்கிறார்களே, அந்த வைத்தியத்தின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு நர்ஸ். 1956. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள ராச்ஃபோர்டு மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டர் ஜீன் வார்டு. புழுக்கமான இன்குபேட்டரைவிட நல்ல காற்றும் வெயிலும் மேல் என்று நம்பியவர். இதமான நாட்களில் தொட்டில்களை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்களிடம் ஒரு குழந்தையைத் திறந்து காட்டினார். உடம்பு முழுக்க மஞ்சள் வெளுத்திருக்கிறது, ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாக அடர் மஞ்சள். என்ன மருந்து தடவினீர்கள் என்று கேட்டார்கள். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. போர்வையின் முனை மடிந்து வெயில் படாமல் மறைத்த இடம் அது. கொஞ்ச நாள் கழித்து, ஜன்னலோரம் வெயிலில் மறந்து வைத்த ரத்தக் குழாயிலும் மஞ்சள் அளவு இறங்கியிருந்தது. டாக்டர்கள் ஆராய்ந்து 1958இல் லான்செட் இதழில் கட்டுரை எழுதினார்கள். கட்டுரையை எழுதியவர் வரிசையில் ஜீன் வார்டு இல்லை. அவர் பார்த்த முக்கோணம் இல்லாமல் அந்தக் கட்டுரையும் இல்லை.

(வெயில் நல்லதுதானே என்று காமாலைக் குழந்தையை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உடம்பு வெந்துபோகும், அளவும் தெரியாது. விளக்கு அதற்காகத்தான் வந்தது.)

★ ஆக்ஸிஜன் கூடினாலும் ஆபத்து. 1940, 50களில் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்ற இன்குபேட்டரில் ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டார்கள். குழந்தைகள் பிழைத்தன; பல குழந்தைகளுக்கு விழித்திரை கெட்டுப் பார்வை போனது. 1950இல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். அதனால்தான் இன்று பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு (என்.ஐ.சி.யூ.) சிஸ்டர், திரையில் ரத்த ஆக்ஸிஜன் எண் 95ஐத் தாண்டினாலும் ஆக்ஸிஜன் குமிழைக் கொஞ்சம் திருப்பிவிடுகிறார். சுற்றி நிற்கும் உறவுக்காரர்களுக்கு நூறு வந்தால்தான் திருப்தி.

★ ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 85 மில்லி, ஒரு டீ கிளாஸ் அளவு. பரிசோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு எழுத வேண்டும். சிறுநீரை எப்படி அளப்பது? நாப்கினை எடை போட்டுத்தான். ஈரத்தில் கூடும் ஒரு கிராம், ஒரு மில்லி.

★ "ஏழாம் மாசம் பொறந்தா பொழைக்கும், எட்டாம் மாசம் பொறந்தா பொழைக்காது" என்பது ஊர் நம்பிக்கை. உண்மை நேர்மாறு, வயிற்றுக்குள் கூடும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம். குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி, 6 மில்லிகிராம் வீதம், 12 மணிக்கொன்றாக நான்கு. இந்த வகை ஸ்டீராய்டு வைத்தியம் நியூசிலாந்தில் செம்மறி ஆடுகளிடமிருந்து கற்றது. லிக்கின்ஸும் ஹவியும் 1972இல் தாய்மார்களிடம் அதைச் செய்து காட்டினார்கள்.

★ கொலம்பியாவின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் 1978 வாக்கில் இன்குபேட்டர் போதவில்லை. ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்தன. எட்கர் ரே என்ற டாக்டர், குழந்தையை அம்மாவின் மார்போடு தோலுக்குத் தோல் கட்டிவிடச் சொன்னார். கங்காரு பராமரிப்பு பிறந்தது இப்படி. அதன் பிறகு நாற்பது வருடம், குழந்தை உடல் தேறிய பிறகே கங்காரு என்றிருந்தார்கள். பிறந்ததுமே தொடங்கினால் சாவு நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று 2021இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆய்வு நடந்த ஐந்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அப்பா மார்பும் இதற்கு ஆகும். கூச்சப்படும் அப்பாக்களைச் சட்டைப் பொத்தானைக் கழற்ற வைப்பதும் சிஸ்டரின் வேலையில் சேர்ந்துவிட்டது.

★ பிரசவத்தில் போகும் ரத்தத்தைக் கண்ணால் பார்த்துச் சொன்னால், உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கிறோம். பெல்காமில் நடந்த ஒரு ஆய்வு 2006இல் இதைச் சொன்னது. அங்கே உருவாக்கியது, அம்மாவின் அடியில் விரிக்கும் கோடு போட்ட பிளாஸ்டிக் பை. இதுபோன்ற பையால் அளந்து, அரை லிட்டரை நெருங்கும்போதே எல்லா சிகிச்சையையும் ஒரே மூச்சில் கொடுத்தால் என்ன ஆகும்? நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 ஆஸ்பத்திரிகளில் செய்து பார்த்தார்கள். கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்ததாக 2023இல் முடிவு வந்தது.

★ தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. 2018–20 கணக்குப்படி லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, இங்கே 54. இதற்குப் பல காரணம் சொல்வார்கள். நான் முதலில் சொல்வது ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ் போட்டதை. மூன்று பேர் இருந்தால் மூன்று ஷிஃப்ட். ராத்திரி இரண்டு மணிக்குப் போனாலும் விளக்கு எரியும். இந்த மூன்று பேரில் பலர் வருடக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருந்தவர்கள் என்பதும் அதே கதையின் பாதி.

★ அரசு ஆஸ்பத்திரி லேபர் வார்டுக்குள் அம்மாவோ அக்காவோ துணைக்கு நிற்கலாம் என்று தமிழ்நாடு அனுமதித்தது 2004இல். கைபிடித்துக்கொள்ள ஒருத்தி இருந்தால் வலி தாங்குகிறது.

★ முதல் நாள் குழந்தையின் வயிறு கொள்வது ஒரு தடவைக்கு 5 முதல் 7 மில்லி, சின்ன ஸ்பூன் அளவு. சீம்பால் சொட்டுச் சொட்டாக வருவது அதற்குப் போதும். ஆனால் பாட்டிமார்கள் சேனைத் தண்ணீரோடு வாசலில் நிற்பார்கள், சில ஊர்களில் கழுதைப்பாலோடு. பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் சிஸ்டர்கள் நடத்தும் பெரிய யுத்தம் இந்த ஸ்பூனோடுதான். இதையே முழுநேரத் தொழிலாக்கி, தாய்ப்பால் ஆலோசகருக்கு 1985 முதல் சர்வதேசத் தேர்வு நடக்கிறது. நர்ஸ்கள் அதிகம் எழுதுகிறார்கள். மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989இல் தொடங்கியதே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி.

★ படிக்க விரும்புகிறவர்களுக்குச் சுருக்கமாக: ஏ.என்.எம். 2 வருடம், கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு வழி. ஜி.என்.எம். 3 வருடம். பி.எஸ்சி. 4 வருடம். எம்.எஸ்சி.யில் மகப்பேறு தனிப்பாடம், 2 வருடம். புதிதாக ஒன்று: 2018இல் மத்திய அரசு அறிவித்த 18 மாத மருத்துவச்சிச் சிறப்புப் பயிற்சி. சிக்கலில்லாத பிரசவத்தை முழுக்க அவர்களே பார்ப்பதற்கானது. தெலங்கானா முந்திக்கொண்டது.

★ மத்திய அரசின் 1947ஆம் ஆண்டு நர்சிங் சட்டத்தின் தலைப்பில் மருத்துவச்சி இல்லை. 2023இல் வந்த புதிய ஆணையச் சட்டத்தின் பெயரில்தான் அவர் ஏறினார். சென்னை மாகாணம் 'நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம்' என்றே 1926இல் போட்டுவிட்டது.

★ வெளிநாடு போகிறவர்கள் கவனிக்க: பிரிட்டனில் நர்ஸ் வேறு, மருத்துவச்சி வேறு, தனித்தனிப் பதிவு. இங்கே நூறு பிரசவம் பார்த்திருந்தாலும் அங்கே நர்ஸாகப் பதிந்தால் பேறு பார்க்க முடியாது, கூட நிற்கலாம். நொந்துபோய் எழுதுகிற சிஸ்டர்கள் உண்டு.

★ இலங்கையில் ஒவ்வொரு பகுதிக்கும் குடும்பநல மாது என்ற மருத்துவச்சி ஒருவர். 18 மாதப் பயிற்சி, ஒரு வருடம் ஆஸ்பத்திரியில், ஆறு மாதம் ஊருக்குள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த ஏற்பாடு. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், பிரசவ மருத்துவ நூலை அதற்கும் வெகுகாலம் முன்பே, 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் கொண்டுவந்துவிட்டார்.

★ லேபர் வார்டில் மாட்டியிருக்கும் சுவர்க்கடிகாரம் ஓடுகிறதா என்று டியூட்டி மாறும்போது பார்த்துக்கொள்வார்கள். ஊசிக்கும் அப்காருக்கும் அந்த விநாடி முள் வேண்டும். பிள்ளை முழுதாக வெளியே வந்ததும் சிஸ்டர் நிமிர்ந்து பார்த்து, சத்தமாக மணி சொல்வார், ஒருவர் எழுதிக்கொள்வார். லக்னமும் ராசிக்கட்டமும் தசாபுத்தியும் இருபத்தைந்து வருடம் கழித்துப் பார்க்கப்போகும் பத்துப் பொருத்தமும் அந்த ஒரு பார்வையில்தான் நிற்கின்றன. வெளியே வந்து "பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றதும், தாத்தா கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்:

"மணி சரியாப் பாத்தீங்களா சிஸ்டர்?"